செவ்வாய்ப் பயணக் கலத்தின் கதிர்வீச்சுக் காப்பு: கணக்கிட உதவி தேவை

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, மனிதரைச் செவ்வாய்க்கு ஏற்றிச் செல்லும் கலத்தின் மாதிரியை மாணவர்களுடன் வடிவமைத்து வருகிறேன். கதிர்வீச்சைத் தடுக்கும் சுவரில்தான் வேலை நின்றுபோயிருக்கிறது.

2011 நவம்பரில் புறப்பட்டு 2012 ஆகஸ்டில் தரையிறங்கிய நாசாவின் செவ்வாய் ஊர்தி கியூரியாசிட்டி, வழியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளந்தது; போக வர ஓராண்டு என்று கொண்டாலே 650 மில்லிசீவர்ட்டைத் தாண்டிவிடுகிறது. அலுமினியத்தைத் தடிமனாக்கிப் பார்த்தோம். விண்வெளியிலிருந்து அதிவேகத்தில் வரும் துகள்களான அண்டக்கதிர்கள் அதில் மோதி நியூட்ரான்களைச் சிதறவிடுவதால் எதிர்பார்த்த பலன் இல்லை. குடிநீரையே சுவருக்குள் நிரப்புவது நல்ல வழியாகப் படுகிறது. பயணிகள் குடிக்கக் குடிக்கச் சுவர் மெலியாதபடி கழிவுநீரைச் சுத்திகரித்துத் திருப்பலாம். ஆனால் 20 செ.மீ. தடிமனுக்கே சதுர மீட்டருக்கு 200 கிலோ ஏறுகிறது.

சூரியப் புயலின்போது ஒதுங்குவதற்கு நீர் சூழ்ந்த ஒரு சிற்றறையை மட்டும் நடுவில் அமைத்து, அதையே படுக்கையறையாகவும் வைத்தால், பயணிகள் பெறும் மொத்தக் கதிர்வீச்சு எவ்வளவு குறையும் என்பதைப் பள்ளி அளவில் கணக்கிடுவது எப்படி?