பொருள்: மறு: ரவையுருளையின் முகப்பில் நடப்பது தேய்மானமா?

மல்லாவியிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகளுக்காக இலேசான கலப்புலோகங்கள் பற்றி ஒரு பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பகுதி சுழல்துப்பாக்கியின் உருளை, அதாவது ரவைகளை (தோட்டாக்களை) ஏந்திச் சுழலும் பகுதி, பற்றியது. எடையைக் குறைக்க உருக்கை விட்டு அலுமினியத்துக்கும், பிறகு தைத்தேனியத்துக்கும் (டைட்டானியம்) போனபோது என்ன நடந்தது என்பதுதான் விடயம். அந்த உருளைக்கு ரவையுருளை, அதில் ரவை நிற்கும் துளைக்கு ரவையறை, சன்னம் வெளியேறும் குழலுக்குச் சுடுகுழல் என்ற மூன்றும் நம் கலைச்சொல் குழுவில் ஏற்கெனவே முடிவானவை. இப்போது உருளை பழுதாகும் விதங்களுக்குச் சொல் வேணும். எதைத் தொட்டாலும் 'தேய்மானம்' என்றே வந்து நிற்கிறது. முக்கியமாக, உருளையின் முன்முகப்பைச் சூடான வாயு தின்னுகிறதே, அதற்கு என்ன சொல்லலாம்? ஆங்கிலக்காரர் 'சுவாலை வெட்டு' என்ற கருத்தில் சொல்கிறார்கள். அப்படியே எடுக்கலாமா?

கிளிநொச்சியிலிருந்து:

தம்பி, அது வேண்டாம். ஏ9 வீதியில் இருக்கிற எந்த வெல்டிங் கடையிலாவது போய் 'சுவாலை வெட்டு' என்று சொல்லிப் பாரும். ஒட்சிசனையும் அசற்றலீனையும் திறந்து தகடு அறுக்கத் தொடங்கிவிடுவார்கள். அது வேணுமென்று வெட்டுவது. நீர் கேட்பது வேண்டாமல் நடப்பது.

உருளை சுழல வேண்டுமென்றால் அதற்கும் சுடுகுழலின் பின்வாய்க்கும் நடுவே இடைவெளி இருந்தே ஆகவேணும். மில்லிமீற்றரில் பத்திலொன்று, கூடினால் கால் பங்கு. சுடும்போது அந்த நூலிடைவெளியால் வாயு பக்கவாட்டில் பீறும். .357 மக்னம் ரவைக்கு அமெரிக்கத் தரநிலை விடும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 இறாத்தல். பழைய .38 ஸ்பெஷலுக்கு அது 17,000. வாயு தனியாகவும் வருவதில்லை, எரிந்து முடியாத வெடிமருந்துத் துணிக்கைகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். குளத்துத் துருசின் (மதகின்) பலகை ஒழுங்காக இறங்காவிட்டால் அந்தக் கீறலால் பாயும் தண்ணீர் சீமெந்துக் கட்டையே தின்றுவிடுகிறதல்லவா, அதே வேலைதான். தேய்மானம் என்றால் இரண்டு திண்மங்கள் ஒன்றோடொன்று உராய வேணும். இங்கே மறுபக்கத்தில் உராய ஒன்றுமே இல்லை.

ஆகவே இது அரிப்பு. மண்ணரிப்பு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்த சொல்தான். முன்னால் 'அனல்' போட்டால் 'அனலரிப்பு'. என்னுடைய முன்மொழிவு அது.

தைத்தேனியத்தில் இது ஏன் பெரிய விடயம் என்பதையும் குறிப்பில் எழுதும். அதன் உருகுநிலை 1668 பாகை செல்சியஸ், இரும்பினது 1538. அப்படியென்றால் கூடத் தாங்கத்தானே வேணும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தைத்தேனியக் கலப்புலோகம் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். வாங்கிய சூடு உள்ளே இறங்காமல் மேற்பரப்பிலேயே நிற்கும். சூடேறிய தைத்தேனியத்துக்கு ஒட்சிசன் என்றால் தீராத ஆசை. ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் 1990களின் இறுதியில் தைத்தேனிய உருளைகளைக் கொண்டுவந்தது. பிறகு வந்த இலேசான மக்னம் துப்பாக்கிகளுக்கு, 120 கிரெயினுக்குக் குறைந்த சன்னம் (ரவையிலிருந்து பறக்கும் குண்டு), அதாவது ஏறத்தாழ 7.8 கிராமுக்குக் கீழானது, வேண்டாம் என்று கைநூலிலேயே எச்சரித்தது. காரணம் நேரே இந்த அரிப்புத்தான். உருளையைச் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்றும் சொன்னது. மேலே உள்ள காப்புப் பூச்சுப் போனால் அடியில் உள்ள உலோகம் வாயுவின் வாயில் அகப்படும். கறுப்பாய்ப் படிந்திருக்கிற கரியைப் பார்த்து மினுக்கப் போகிறவர்தான் உருளையைக் கெடுக்கிறார்!

அலுமினியம் பட்டது வேறு பாடு. 1950களில் அமெரிக்க வான்படை விமானிகளுக்காகச் சட்டமும் உருளையும் அலுமினியத்தில் செய்த சிறு துப்பாக்கிகள் வந்தன. அழுத்தம் குறைந்த தனி ரவை கொடுத்தும் உருளைகள் வெடித்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மீளப்பெற்று, பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார்கள். அதை அரிப்புக்குள் போட வேண்டாம். அது 'வெடிப்பு', நேரான சொல். விற்பனைக்கு வந்த இலேசான வகைகளிலும் சட்டத்தை மட்டும் அலுமினியமாக விட்டு, உருளையை உருக்குக்கு மாற்றினார்கள். அடர்த்தி, கன சென்ரிமீற்றருக்குக் கிராமில், அலுமினியத்துக்கு 2.7, தைத்தேனியத்துக்கு 4.5, உருக்குக்கு 7.8. இந்த மூன்று எண்ணையும் ஒரு வரியில் போட்டால் மிச்சம் தானாக விளங்கும்.

இன்னொன்று. உருளையைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்தும் நாக்கு விழுகிற பள்ளத்தின் ஓரம் அடிபட்டு அடிபட்டுப் பிதுங்கும். அதற்கு 'நசிவு' போதும், கராஜில் 'நசிஞ்சு போச்சு' என்றுதானே சொல்கிறோம். இதில் இலேசான உருளைக்கு உருக்கைவிட நல்ல காலம். சுழலும் திணிவு குறைய, நாக்கில் மோதும் விசையும் குறைந்துவிடும். ஆறு அறை உருளையில் அந்தப் பள்ளம் அறைக்கு நேர் மேலே, சுவர் மெலிந்த இடத்தில் விழுகிறது. ஐந்து அறையில் இரண்டு அறைகளுக்கு நடுவே விழும். வெடிப்பு எங்கே தொடங்கும் என்று பிள்ளைகளிடம் கேட்க இது நல்ல வினா.

ஒட்டுசுட்டானிலிருந்து:

அண்ணை, விளக்கம் நல்லாயிருக்கு. இரண்டு மறுப்பு.

அரிப்பு என்றால் இந்தியாவில் வாசிக்கிறவர்கள் தோலில் வரும் அரிப்பைத்தான் முதலில் நினைப்பார்கள். நாங்கள் அதைக் 'கடி' என்போம், எங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கலைச்சொல் எங்களுக்கு மட்டுமா?

மற்றது, இதை எழுதாமலும் இருக்க முடியவில்லை. இந்த மண்ணில் துவக்கு, ரவை, சன்னம் என்று சின்னப்பிள்ளைகூட பிரித்துச் சொல்லப் பழகினது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். கலைச்சொல் பட்டியலில் ஒரு புதுச் சொல் நுழைய அந்த வாசல்தானா கிடைத்தது? கொக்கிளாயிலிருந்து புல்மோட்டை வரை கரையில் கிடக்கிற கறுத்த மணலில் இல்மனைற்று இருக்கிறது. தைத்தேனியத்தின் தாது. தைத்தேனியத்தை அங்கிருந்து தொடங்கலாமே. உவமைக்குத் துருசு கிடைத்ததுபோல் உதாரணத்துக்கும் ஏதாவது கிடைக்காதா?

மாங்குளத்திலிருந்து:

ரீச்சர், கிடைக்கும். லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு யந்திரம்) எஞ்சின் தலையைக் கழற்றினால் ஒவ்வொரு போகத்திலும் நான் பார்க்கிறதுதான். புகை போகிற வால்வு, இடைவெளி வைக்காமல் இறுக்கிவிட்டால், இருக்கையில் முழுதாக இருக்காது. ஒரு பக்கம் மயிரளவு நீக்கல் விழும். எரிகிற வாயு அந்த நீக்கலால் போகத் தொடங்கினால் கொஞ்ச நாளில் வால்வின் விளிம்பில் வாய்க்கால் வெட்டினமாதிரி ஒரு கோடு. நாங்கள் 'வால்வு சுட்டுப்போச்சு' என்போம். அண்ணை எழுதின எல்லாம் இதிலும் இருக்கு: இடைவெளி, சூடான வாயு, பீறல். வால்வை எடுத்து வெளிச்சத்தில பிடிச்சால் பிள்ளைகளுக்குக் கண்ணாலேயே காட்டலாம், துவக்குத் தேவையில்லை. சொல்லுக்கு நான் 'சூட்டரிப்பு' என்பேன். அனல் எங்கட வாயில் அவ்வளவாக வராது.

கிளிநொச்சியிலிருந்து:

வால்வு நல்ல உதாரணம், அதையே முதலில் வைப்போம். 'சூட்டரிப்பு' பற்றி மட்டும் ஒரு சொல். சூடு வைத்தால் கதிர் குவித்த நெல்லுச் சூடும் நினைவுக்கு வரும், பேச்சில் துப்பாக்கிச் சூடும் வரும். ரீச்சர் தவிர்க்கச் சொன்ன வாசல் அதே. அனலுக்கு அந்தக் குழப்பம் இல்லை. தோல் அரிப்பு விடயத்தில், மண்ணரிப்பு என்று இந்தியாவிலும்தான் எழுதுகிறார்கள். முன்னொட்டு நின்றால் ஒருவரும் சொறியப் போவதில்லை.

மல்லாவியிலிருந்து:

அப்படியென்றால் இயந்திரப் பகுதியில் இப்படிப் பதிகிறேன்:

அனலரிப்பு: ஒடுங்கிய இடைவெளியால் பீறும் சூடான வாயுவும் துணிக்கைகளும் உலோக மேற்பரப்பைத் தின்னுதல். எ-கா: புகைபோக்கு வால்வின் விளிம்பு, சுழல்துப்பாக்கியின் ரவையுருளை முகப்பு. பேச்சு வழக்கு: சுட்டுப்போதல். ஒப்பு நோக்குக: தேய்மானம், நசிவு, வெடிப்பு.

உருளை தன் அச்சில் முன்னும் பின்னும் ஆடுகிறதே, அதற்கு 'பிளே' என்பதைத் தவிர ஒன்றும் என் கையில் இல்லை. மாங்குளத்து அண்ணை, உங்கள் கராஜில் கிராங்குத் தண்டு அப்படி ஆடினால் என்ன சொல்வீர்கள்?