சோலைக் காட்டு நடையில் பார்த்து, இன்னும் மனசை அரிக்கிற ஒன்று: எழுதுங்கள்

குந்தா_மழை

அவலாஞ்சி. வனத்துறை வண்டிதான், வேறு எப்படி. பவானியம்மன் கோயிலில் இறக்கிவிட்டார்கள். கூட வந்தவர்கள் எல்லாம் கோயில் பக்கம் போய்விட, நான் சும்மா ஓடையோரம் நின்றேன். எதிரே சோலை விளிம்பில் விழுந்து பாசி பிடித்துக் கிடந்த மரத்தின் மேல் ஒன்று ஏறியது. கீரியோ என்று பார்த்தால் கீரி இல்லை. நீளமான, தாழ்ந்த, கரும்பழுப்பு உடம்பு. வால் உடம்பை விடக் கொஞ்சம்தான் குட்டை. மரப்பொந்துக்குள் மூக்கை விட்டு எதையோ துழாவியது. அப்புறம் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தது. தொண்டையிலிருந்து நெஞ்சு வரை மஞ்சளை அரைத்துப் பூசின மாதிரி! உடனே முதுகை வளைத்து வளைத்துத் தாவி உள்ளே போய்விட்டது. போன் பையில்.

ஓட்டுநரிடம் சொன்னேன். "மலையணிலா இருக்கும் சார்" என்று முடித்துவிட்டார். நீலகிரி மார்ட்டன் (மரமேறும், கீரி மாதிரி உடம்புள்ள சோலை விலங்கு) என்பது என் கட்சி. அப்பர் பவானி, முக்கூர்த்தி பக்கம் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள், சொல்லுங்கள். மற்றவர்களும் உங்கள் கதையை எழுதலாம்.

கொடை_நடையன்

அண்ணா, ஓட்டுநர் தினமும் அந்தப் பாதையில் போகிறவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மலையணிலுக்கும் அடிப்பக்கம் மஞ்சள் கலந்த வெளிர் நிறம்தானே. மேல்மலைக்கு ஒரு தடவை போய் வந்தவர்கள் எல்லாரும் மார்ட்டன் பார்த்தேன் என்கிறார்கள்.

என்னுடையது கொடைக்கானலில், பாம்பார் சோலைக்குக் கீழே. காலை மூடுபனி. வேலியோரம் காட்டு ராஸ்பெர்ரி புதர் ஆடிக்கொண்டே இருந்தது. பார்த்தால் நீலகிரிச் சிரிப்பான் ஜோடி, கூடவே வால் சரியாக வளராத ஒரு குஞ்சு. தாய்ப்பறவை முள்தண்டில் தலைகீழாகத் தொங்கி ஒரு பழத்தைக் கிள்ளியது, குஞ்சு வாயில் வைத்தது. குஞ்சுக்கு விழுங்கத் தெரியவில்லை, பழம் கீழே விழுந்தது. தாய் இறங்கி அதே பழத்தை எடுத்துத் திரும்பவும் ஊட்டியது. திரும்பவும் விழுந்தது. மூன்றாம் தடவை தாயே தின்றுவிட்டது. அந்தக் குஞ்சு திறந்த வாயை மூடாமலே நின்றது இருக்கிறதே!

கோத்தகிரிக்காரன்

கொடை தம்பி, இரண்டு விஷயம். மலையணில் தரைக்கு இறங்குவதே அபூர்வம், அதன் வாலோ உடம்பை விட நீளம். குந்தாக்காரர் வால் குட்டை என்று தெளிவாக எழுதியிருக்கிறார், படிக்காமலே பதில் போட்டால் எப்படி? இரண்டாவது, கொடைக்கானலில் நீலகிரிச் சிரிப்பான் கிடையாது. அங்கே இருப்பது பழனிச் சிரிப்பான். நடுவில் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. உயர்ந்த சோலையை விட்டு இறங்காத பறவை அந்தச் சமவெளியைத் தாண்டாது. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று எப்போதோ பிரிந்துவிட்டன. 2017-ல் இந்த மலைச் சிரிப்பான்களுக்கு மான்டிசிங்க்லா என்று தனிப் பேரினமே கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துப் பறவைக்கு வயிறு செம்பழுப்பு, அலகைச் சுற்றிக் கறுப்பு. உங்களுடையதற்கு நெஞ்சு சாம்பல், அதில் கோடுகள். வெள்ளைப் புருவம் இரண்டுக்கும் உண்டு, அதை மட்டும் வைத்துப் பேர் சொல்லக் கூடாது.

சரி, என் கதை. லாங்வுட் சோலைக்கு வெளியே தேயிலைத் தோட்ட ஒற்றையடிப் பாதை. (116 ஹெக்டேர்தான். 2024-ல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பிறகு வெளியூர்க் கார்கள் கூடிவிட்டன.) பனி கொட்டுகிறது, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. தேயிலைக்கு மேலே ஒரு கரும்பாறை, அதன் மேல் ஒரு காட்டு மைனா. அந்த இடத்தில் பாறை ஏது என்று யோசிக்கும்போதே மாட்டுக் கொட்டகை வாசம் அடித்தது. பாறை புஸ் என்று மூச்சு விட்டது. காட்டுமாடு, ஒற்றைக் கடா. நேராக என்னைப் பார்க்கவில்லை. உடம்பை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பி முழு நீளத்தையும் காட்டிக்கொண்டு நின்றது. மைனா இறங்கவே இல்லை. நான் முதுகைக் காட்டாமல் பின்வாங்கி வளைவு வரை வந்தேன். அங்கே ஒரு கார்க்காரர், "எங்கே சார், செல்ஃபி எடுக்கலாமா" என்று கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது.

மலைக்காற்று

போன வருஷம் கோக்கர்ஸ் வாக் சரிவில் குறிஞ்சி பார்த்தேன். யாருமே நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

கோத்தகிரிக்காரன்

பார்த்திருப்பீர்கள். ஆனால் குறிஞ்சிக் குடும்பத்தில் இந்த மலைகளில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. சிலது வருஷா வருஷமே பூக்கும். 12 ஆண்டுக்காரி 2006-லும் 2018-லும் பூத்தாள், அடுத்தது 2030. நடுவில் அங்கொன்று இங்கொன்றாகப் பூப்பதும் உண்டு. படம் போடுங்கள், இலையும் தெரிய வேண்டும்.

நடராஜா_சர்வீஸ்

என் கதை சின்னது. வட்டக்கானல், டால்பின் நோஸ் போகிற வழி, ஐப்பசி மழை. ரூமுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் திராட்சை அளவுக்கு ஊதிய அட்டை, தானாகவே உருண்டு விழுந்தது. வலியே இல்லை. ரத்தம் மட்டும் ராத்திரிச் சாப்பாடு வரை நிற்கவில்லை.

புதிதாக நடக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். அட்டைக் கடியில் ரத்தம் நிற்காததற்குக் காரணம் அது எச்சிலோடு விடும் ஹிருடின் மாதிரியான பொருள், ரத்தத்தை உறைய விடாது. பயப்பட வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திக் கட்டினால் போதும். ஒட்டியிருக்கும்போது பிடித்து இழுக்காதீர்கள். சிகரெட்டால் சுடாதீர்கள், வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். மெல்லிய முனைதான் வாய். அங்கே நகத்தைப் படுக்கையாக விட்டு நெம்பினால் விட்டுவிடும், அப்புறம் தடித்த முனையையும் அதே மாதிரி. பேண்டை சாக்ஸுக்குள் செருகுங்கள். அட்டைச் சாக்ஸ் என்றே விற்கிறார்கள், முட்டி வரை வரும், அது இன்னும் நல்லது. சாக்ஸில் மூக்குப்பொடியோ புகையிலைத் தண்ணீரோ தேய்க்கலாம். ஒரு பொட்டலம் உப்பும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் நிற்காதீர்கள். காட்டுமாடு விஷயத்தில் கோத்தகிரி அண்ணன் செய்ததுதான் சரி: ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது, அது பக்கவாட்டில் நின்று காட்டுகிறது என்றால் 'தள்ளிப் போ' என்று அர்த்தம். பாறைத் தேன்கூடு இருக்கிற பக்கம் சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பளிச் சட்டையும் வேண்டாம். கரடி நடமாட்டம் உள்ள இடத்தில் வளைவு வரும்போது பேசிக்கொண்டே நடங்கள், பெரும்பாலும் எதிர்பாராமல் மோதும்போதுதான் அது பாயும். பெரிஜம் ஏரிக்குப் போவதென்றால் வனத்துறை அனுமதியை முன்னாலேயே வாங்கிவிடுங்கள். தண்ணீர் இரண்டு பாட்டில். பிளாஸ்டிக் வேண்டாம்.

புல்வெளி_72

பயனுள்ள பட்டியல்தான், ஆனால் யாரும் கேட்கவில்லையே சார். உப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். அட்டை மேல் போட்டது ஓடையில்தான் போய்ச் சேரும், சோலைத் தவளைக்குத் தோலே மூச்சு.

பைக்காரா பக்கம், ஆடி மாசம், சொதசொத என்று ஊறிய புல்சரிவு. பூச்சி பிடிக்கிற அழுகண்ணிச் செடியைப் பார்க்கவே போனோம். தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள், ஒரு சாண் கூட இல்லை. நான் குப்புறப் படுத்துவிட்டேன். இலை பிறை வடிவம், விளிம்பெல்லாம் சிவப்பு மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு சொட்டுப் பசை. ஒரு இலையில் கொசு மாதிரி நெட்டைக்கால் பூச்சி ஒன்று. ஐந்து கால் ஒட்டிவிட்டது. ஆறாவது காலை மட்டும் தூக்கித் தூக்கி வைத்தது. தூக்கும்போதெல்லாம் பசை நூலாக இழுத்தது. லென்ஸ் வழியாகப் பார்த்தால் பக்கத்து மயிர்களும் அதன் மேல் கவிந்திருந்தன. பூச்சியை எடுத்துவிடலாமா என்று கூட வந்த பையன் கேட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் பின்னால் வந்த கூட்டத்தில் ஒருவர் வீடியோ எடுக்க நடந்து வந்து, செடி பூச்சி எல்லாவற்றையும் சேர்த்து மிதித்துவிட்டு, "எங்கே மேடம் அந்தப் பூச்சி தின்னுற செடி?" என்றார்.

அந்தச் சரிவின் மேல் பாதியில் இப்போது சீகை மரம் இறங்கிவிட்டது. பட்டைக்காக வெள்ளைக்காரன் வைத்த ஆஸ்திரேலிய மரம், இப்போது யாரும் வைக்காமலே பரவுகிறது. நிழல் விழுந்தால் அழுகண்ணி நிற்காது. மிதித்தவரை விட எனக்கு அந்தச் சீகை மேல்தான் கோபம்.

கொடை_நடையன்

கோத்தகிரி அண்ணா, பேர் பழனியோ நீலகிரியோ, நான் சொன்னது குஞ்சு வாய் திறந்து நின்ற கதை. வால் நீளம் பற்றி: பனியில், அதுவும் அந்தக் கொஞ்ச நேரத்தில், வாலை அளந்து பார்த்தாரா?

குந்தா_மழை

அன்றைக்குப் பனியே இல்லை தம்பி, நல்ல வெயில்.

லயன்_வீட்டுப்_பொண்ணு

நான் நடைக்கெல்லாம் போகிற ஆள் இல்லை, எங்களுக்கு நடைதான் வேலை. குன்னூருக்குக் கீழே எஸ்டேட். லயனுக்கு (எங்கள் தொழிலாளர் குடியிருப்புக்கு) மேலே சின்ன மாரியம்மன் கோயில். விடிகாலையில் அத்தையும் நானும் மலைக்கு, அதாவது தேயிலைக் காட்டு வேலைக்குப் போகிறோம், கோயிலுக்குள் தகரம் உருளுகிற சத்தம். அத்தை நாய் என்றாள். டார்ச் அடித்தால் கரடி. சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்து, எண்ணெய் டப்பாவை வயிற்றில் சாய்த்துக்கொண்டு நக்குகிறது. அகல் எல்லாம் கவிழ்ந்து கிடந்தது. மூக்கு மேல் ஒரு திரி ஒட்டியிருந்தது. அதை நாக்கை நீட்டி எடுக்கப் பார்க்கிறது, எட்டவில்லை. அத்தை தூக்குச்சட்டியைத் தட்டினாள். அது எங்களை ஒரு பார்வை பார்த்தது, பயந்த பார்வை இல்லை, சாப்பிடும்போது கூப்பிட்டால் பார்ப்பார்களே அது. அப்புறம் எழுந்து தேயிலைக்குள் இறங்கிவிட்டது, திரியோடு.

இப்போது பூசாரி இருட்டுவதற்கு முன்னாடியே விளக்கையும் டப்பாவையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார். கதவு மட்டும் இன்னும் நகக் கீறலோடு இருக்கிறது.

நடராஜா_சர்வீஸ்

தங்கச்சி, விடிவதற்கு முன் அந்தப் பாதையில் போகாதீர்கள். காலை ஏழு மணிக்கு மேல் போங்கள், நாலைந்து பேராகப் போங்கள், விசில் வைத்துக்கொள்ளுங்கள். கரடி தேடி வருகிற தவிட்டுப்பழம் பழுக்கும் மாதங்களில் வேறு பாதை பாருங்கள்.

லயன்_வீட்டுப்_பொண்ணு

அண்ணா, ஏழு மணிக்கு நாங்கள் மலையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அரைப் பேர்தான் (அரை நாள் கூலிதான்) போடுவார்கள். வேறு பாதை என்றால் ரோடு சுற்றி வர வேண்டும். விசில் எல்லார் கழுத்திலும் இருக்கிறது.