பாடகர் மாறினாப் பிறகு அதே பாட்டு ஏன் ஒட்டுதில்லை?

கொக்குவில்_பேஸ் கேக்கிறார்:

அமெரிக்க ரொக் இசைக்குழு லிங்கின் பார்க் 2024 செப்ரெம்பரில எமிலி ஆம்ஸ்ட்ரோங் எண்ட புதுப் பாடகியோட திரும்பி வந்த நாளில இருந்து யாழ்ப்பாணத்து ரொக் பெடியள் பெட்டையளுக்குள்ள ரெண்டு கட்சி. பழைய பாடகர் செஸ்ரர் பெனிங்டன் 2017 யூலையில செத்ததோட இசைக்குழுவின்ர பேரையும் விட்டிருக்க வேணும் எண்டுது ஒண்டு. புது அல்பம் நல்லாத்தானே இருக்கு எண்டுது மற்றது. ஆர் சரி எண்டு தீர்ப்புக் கேக்கேல்லை. எனக்கு விளங்காதது வேற: கிற்றார் அதே, மைக் ஷினோடாவின்ர றப் அதே, தாளமும் அதே. ஆனா பழைய பாட்டை இப்ப மேடையில பாடிக் கேக்கேக்க முறுக்கு இளகின மாதிரி இருக்கு. சுருதி இறக்கினதாலயோ, ஆண் குரல் போய்ப் பெண் குரல் வந்ததாலயோ, இல்லாட்டி எங்கட மனசுதான் அப்பிடிக் கேக்குதோ? காதால சோதிச்சுப் பாக்கக்கூடிய பதிலாச் சொல்லுங்கோ.

சுருதிப்பெட்டி:

முதல் ஒரு திருத்தம். மேடையில அதே தாளமும் அதே கிற்றாரும் இல்லை. ட்ரம்ஸ் அடிச்ச ரொப் பூர்டன் திரும்பி வரேல்லை, கொலின் பிரிட்டன் அடிக்கிறார். கிற்றார் வாசிச்ச பிராட் டெல்சன் அல்பத்துக்கு வாசிச்சாலும் சுற்றுப்பயணம் வாறேல்லை, அவற்ர இடத்தில நிக்கிறது அலெக்ஸ் ஃபெடர். பழைய ஆறு பேரில மூண்டு பேர் இல்லாத மேடை அது. முழுப் பழியையும் ஒரு தொண்டையில போடாதேங்கோ.

இனிக் குரல். ஆணுக்குக் குரல்நாணில இருந்து உதடு மட்டும் சராசரியா 17 சென்ரிமீற்றர் குழாய். பெண்ணுக்கு 14 அளவில. குழாய் கட்டையானா அதின்ர ஒத்ததிர்வுகள் 15 இல இருந்து 20 வீதம் மேல போகும். அதால ரெண்டு பேரும் ஒரே சுரத்தில ஒரே சொல்லைப் பாடினாலும் நிறம் வேற. நீளமான பாரி நாயனத்தையும் கட்டையான திமிரி நாயனத்தையும் பக்கத்தில வைச்சுக் கேட்டவைக்கு இது புதுசில்லை. சுரம் ஒண்டா இருந்தாலும் குழலின்ர நீளம் தன்னைக் காட்டிப்போடும்.

இன்னும் முக்கியமான ஒண்டு இருக்கு. நடு சி-க்கு மேல வாற ஏ, 440 ஹேர்ட்ஸ். கனக்க ஆம்பிளையளுக்கு நெஞ்சுக்குரலில அது கூரை. அங்க ஏறி ஒரு சொல்லை நீட்டிப் பிடிக்கேக்க தொண்டை இழுபடுறது எங்களுக்குக் கேக்கும். பெனிங்டனில நாங்கள் மயங்கினது அந்த இழுபாட்டில. பழகின பெண் குரலுக்கு அதே 440 இல இன்னும் இடம் மிச்சம் இருக்கும், சுரம் நேரா வந்து இருந்திடும். பிழையில்லாமப் பாடுறதாலதான் உங்களுக்கு இளகின மாதிரிக் கேக்குது. அந்த இழுபாடு திரும்ப வரவேணுமெண்டாச் சுருதியை ஏத்தவேணும், இறக்கக் கூடாது. ஏத்தினா கிற்றாரின்ர அடிக்கனம் போயிடும். ரெண்டும் சேந்து கிடைக்காது.

கரகரப்பும் அப்பிடித்தான். உண்மைக் குரல்நாணுக்கு மேல போலி மடிப்பு ரெண்டு இருக்கு. கத்தேக்க அதுகளும் சேந்து ஒழுங்கில்லாம அதிரும். அந்த ஒழுங்கின்மை ஆளுக்காள் வேற, கைநாட்டு மாதிரி. ஆம்ஸ்ட்ரோங் தன்ர முந்தின இசைக்குழு டெட் சாராவில பாடின காலத்திலயும் கத்தினவதான், ஆனா அது அவவின்ர கரகரப்பு.

சோதிக்கிற முறை சொல்லுறன். கனபேர் ஸ்ரூடியோவில பதிஞ்ச பழைய பாட்டையும் ஆரோ போனில எடுத்த புது வீடியோவையும் ஒப்பிடுகினம். அது நியாயமில்லை. ஸ்ரூடியோவில ஒரு வரியை ரெண்டு மூண்டு தரம் பாடி அடுக்கி வைக்கிறது வழக்கம், மேடையில ஒரு வாய்தான். போன் மைக் சத்தம் கூடினாத் தானாக் குறைச்சு, பேஸையும் வெட்டிப்போடும். மேடையை மேடையோட ஒப்பிடுங்கோ: 2003 இல வந்த லைவ் இன் டெக்சஸ் ஒரு பக்கம், 2024 க்குப் பிறகு இசைக்குழுவே வெளியிட்ட நேரடிப் பதிவு மற்றப் பக்கம். சத்தத்தைச் சமப்படுத்துங்கோ, ஏனெண்டாக் கொஞ்சம் கூடக் கேக்கிறதைத்தான் காது நல்லது எண்டும். யூடியூப் கூடின சத்தத்தைக் குறைக்குமே ஒழிய குறைஞ்சதை ஏத்தாது, அதால கையாலதான் சரிப்படுத்த வேணும்.

சுருதி மாறினதோ எண்டு பாக்கக் கிற்றார் போதும். அவையின்ர இன் தி எண்ட் பாட்டு ஈ-ஃபிளாட் மைனர், எங்கட கணக்கில ரெண்டரைக் கட்டை. அந்தச் சுரத்தைப் பிடிச்சுக்கொண்டு பதிவை ஓடவிடுங்கோ. ஒட்டாட்டி கிற்றார் கழுத்தில ஒவ்வொரு பிறெற்றா (ஒரு கட்டம் ஒரு அரைச்சுரம்) நகத்திப் பாருங்கோ, எத்தினை அரைச்சுரம் எண்டு உடன தெரியும். ஆனா மென்பொருளால பழைய பாட்டின்ர சுருதியை இழுத்து ஒப்பிடாதேங்கோ. சாதாரண இழுப்பில குரலின்ர ஒத்ததிர்வும் சேந்து நகந்திடும், பிறகு கேக்கிறது ஒருதற்ர குரலுமில்லை.

வல்வை_றிஃப்:

சுருதிப்பெட்டி சொன்னதுக்கு உலகத்திலயே திறமான பரிசோதனை ஐயன் மெய்டன் இசைக்குழுவிட்ட இருக்கு. அவையின்ர பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1993 இல விலக 1994 இல பிளேஸ் பெய்லி வந்தார். அவற்ர குரல் கீழ்ப்பக்கம் கனமானது, டிக்கின்சனின்ரயோ உச்சியில விரியிறது. இசைக்குழு பழைய பாட்டுகளின்ர சுருதியை இறக்கிக் குடுக்கேல்லை. மாதக்கணக்கான சுற்றுப்பயணத்தில ஒவ்வொரு இரவும் தனக்குப் பொருந்தாத உயரத்தில பாடவேண்டி வந்தது. குரல் பிரச்சினையால நிகழ்ச்சிகளை நிப்பாட்டவும் வேண்டி வந்தது. ரசிகர்கள் ஆளைத்தான் ஏசிச்சினம். எனக்கு அது பெரிய அநியாயமாப் படுகுது.

இப்ப பரிசோதனை. த கிளான்ஸ்மன் எண்ட பாட்டு பெய்லி காலத்தது, 1998 இல வந்த வேர்ச்சுவல் லெவன் அல்பத்தில இருக்கு. டிக்கின்சன் 1999 இல திரும்பினாப் பிறகும் அதை மேடையில வைச்சிருந்தவை. 2001 யனவரியில பதிஞ்ச ரொக் இன் ரியோ நேரடி அல்பத்தில அவர் பாடுறார். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கோ. பெய்லியின்ரயில மெல்லிய தொடக்கம் மண்ணுக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கும், டிக்கின்சனின்ரயில கூட்டம் சேந்து கத்திற இடம் வானத்துக்குப் போகும். பெய்லிக்கெண்டு எழுதின பாட்டில அவர் தோக்கேல்லை. அவரைத் தோக்கடிச்சது டிக்கின்சனுக்கெண்டு எழுதின பழைய பாட்டுகள்.

மறுவளமா ஏசி/டிசியைப் பாருங்கோ. அவையின்ர பாடகர் பொன் ஸ்கொற் 1980 பெப்ரவரி 19 இல செத்தார். பேக் இன் பிளாக் அல்பம் அதே வருசம் யூலை 25 இல வந்தது, பிரையன் ஜோன்சனோட. பத்துப் பாட்டும் புதுசு, புதுத் தொண்டைக்கெண்டு கட்டினது. சனம் ஒப்பிட முதலே அவருக்கெண்டு சொந்தப் பாட்டுகள் வந்திட்டுது. பிளாக் சபத்தும் 1980 இல இதைத்தான் செய்தது. பழைய பாடகர் ஓசி ஒஸ்போனின்ர பாட்டு கனக்க இடத்தில றிஃபின்ர (திரும்பத் திரும்ப வாற கிற்றார் மெட்டின்ர) மேலயே போகும், அயன் மேன் பாட்டில கிற்றார் போற அதே பாதையில குரல். ரொனி ஜேம்ஸ் டியோ வந்தாப் பிறகு ஹெவன் அன்ட் ஹெல் அல்பத்தில குரலுக்கெண்டு தனிப் பாதை, கிற்றார் அதுக்கு இடம் விட்டு வாசிக்குது. கிற்றார் வாசிக்கிற ரொனி அயோமி தன்ர எழுத்தையே மாத்தினார். ஆளை மாத்தினா எழுத்தையும் மாத்த வேணும், அதைச் செய்யாத இசைக்குழுவில சனத்துக்கு வெறுப்பு வாறது ஞாயம்.

அதால லிங்கின் பார்க்கையும் 2024 நவம்பர் 15 இல வந்த ஃப்ரொம் சீரோவை வைச்சு அளவுங்கோ. அந்த அல்பத்தின்ர பேரிலயே பழைய கதை கிடக்கு. அவையின்ர முதல் பேர் சீரோ. அப்ப பாடினவர் மார்க் வேக்ஃபீல்ட். பெனிங்டன் வந்தது 1999 இல. நாங்கள் முதல் குரல் எண்டு நினைச்சு வளந்ததே ரெண்டாவது குரல்.

அளவெட்டிச்_சோடி:

தொண்டைக் கணக்கு எல்லாம் சரி, ஆனா சனத்தின்ர மனக்குறை அங்க மட்டும் இல்லை. எங்கட மயான காண்டம் இசைநாடகத்தில அரிச்சந்திரனா ஆரும் நடிக்கலாம், பாட்டு மெட்டு எல்லாம் அப்பிடியே இருக்கு. ஆனா நடிகமணி வி. வி. வைரமுத்துவைக் கேட்டு வளந்த தலைமுறைக்கு மற்ற ஆரும் அரிச்சந்திரனா வந்து இருக்கேல்லை. அவை சுருதி பாத்துச் சொல்லேல்லை. பாட்டும் ஆளும் அவைக்கு ஒண்டாப் பதிஞ்சு போச்சு. அதைக் காதின்ர பிழை எண்டு தள்ளேலாது.

இதை உணர்ந்த இசைக்குழுக்கள் பேரிலயே வேலை செய்திருக்கினம். குயீன் பாடகர் பிரெடி மெர்க்குரி 1991 நவம்பரில செத்தார். பிறகு போல் றொட்ஜர்ஸ் பாடேக்கயும் அடம் லம்பேர்ட் பாடேக்கயும் மேடைப் பேர் குயீன், அதுக்குப் பக்கத்தில ஒரு சகக்குறி, பிறகு பாடகற்ர பேர். அந்த ஒரு குறி ரசிகருக்குச் சொல்லுறது: வந்தவர் விருந்தாளி, கதிரை இன்னும் மெர்க்குரிக்குத்தான். அதுக்குப் பிறகு கோவிக்க ஆளில்லை. லிங்கின் பார்க் குறி போடாம முழுப் பேரையும் எடுத்தது. அது அவையின்ர உரிமை, ஆனா அதோட கோபமும் சேந்து வரும்.

வல்வை விட்ட ஒண்டையும் சேக்கிறன். ரெண்டு குரல் இசைக்குழுவுக்கு இந்த மாற்றம் லேசு. அலிஸ் இன் செயின்ஸில பாடகர் லெய்ன் ஸ்டேலி 2002 இல செத்தாலும் அவையின்ர அடையாளமே ரெண்டு குரல் சேந்து போற இணைவரி, அதில ஒரு பாதி ஜெரி கன்ட்ரெல். வில்லியம் டுவால் வந்து 2009 இல பிளாக் கிவ்ஸ் வே ரு புளூ வெளியில வரேக்க அந்தப் பாதி அப்பிடியே இருந்தது. ஷினோடா இருக்கிறதும் அதே மாதிரி ஒரு தூண். பழைய பாட்டு ஒட்டாட்டி அவர் கூடப் பாடுற பாட்டில இருந்து தொடங்குங்கோ.

கொக்குவில்_பேஸ்:

நல்லா விளங்கிச்சு, ட்ரம்ஸ் விசயத்தில நான் சொன்னது பிழைதான். ஒரு துணைக் கேள்வி. இஞ்ச மேடையளில ஆண் பாடின இப்பிடிப் பாட்டைப் பெண் குரலுக்கு மாத்தி வாசிக்க வெளிக்கிட்டா எத்தினை அரைச்சுரம் நகத்திறது? கிற்றார், சாம்பிள் எல்லாம் என்ன செய்யிறது?

மானிப்பாய்_கம்பி:

எத்தினை எண்டு முன்கூட்டியே சொல்லேலாது, அளந்துதான் பாக்க வேணும். பாட்டில நீட்டிப் பிடிக்கிற உச்சச் சுரத்தையும், முதல் சரணத்தில வாற ஆகக் கீழ்ச் சுரத்தையும் குறிச்சு வையுங்கோ. பாடுறவ ஒரு மணித்தியாலம் பாடி முடிச்சாப் பிறகு அவவின்ர எல்லையை எடுங்கோ, தொடக்கத்தில எடுத்தாப் பொய் சொல்லும். நீட்டிற உச்சம் அவவின்ர எல்லைக்கு ரெண்டு அரைச்சுரம் கீழ நிண்டாச் சரி. பிறகு கீழ்ப்பக்கம் பாருங்கோ. கனக்கப் பேர் இஞ்சதான் கோட்டை விடுகினம்: கோரஸ் பொருந்துது, ஆனா சரணம் முணுமுணுப்பா ஆகி ட்ரம்ஸுக்குள்ள மூடுப்படும். அப்பிடியெண்டாச் சரணத்தை ஆம்பிளை பாடட்டும், கோரஸை அவ பாடட்டும். லிங்கின் பார்க் பாட்டுகளின்ர அமைப்பே அதுக்கு இடம் குடுக்கும்.

கப்போ (கிற்றார் கழுத்தில பூட்டிற கவ்வி) போட்டு ஏத்துற யோசினையை விடுங்கோ. இந்தப் பாட்டுகளின்ர கனம் ஆறாம் கம்பியைத் திறந்து உள்ளங்கையால அமத்தி அடிக்கிறதில இருக்கு. கப்போ ஏறினா அந்தக் கம்பி மெலிஞ்சு, அக்கூஸ்ரிக் மாதிரி ஆகிடும். ஏத்திறதெண்டா ஒரு அரைச்சுரம், ஆகக் கூடினது ரெண்டு.

இறக்கிறதெண்டாக் கம்பி மாத்த வேணும். 9–42 எண்ட மெல்லிய கம்பிச் செற்றை வைச்சுக்கொண்டு டிரொப் சி-க்கு (ஆறாம் கம்பி சி சுரத்தில நிக்கிற சுருதிக்கு) இறக்கினா ஆறாம் கம்பி தொளதொளத்து, அடிச்ச உடன சுரம் மேல போய்க் கீழ வரும், பிறெற்றில தட்டும். 11–54 அளவில போடுங்கோ. தடிச்ச கம்பிக்கு நட்டின்ர (கழுத்தின்ர தலைப்பக்கம் கம்பி இருக்கிற கட்டையின்ர) வெட்டுக் காணாட்டி அதில சிக்கிச் சுருதி நிக்காது. கழுத்து வளைவையும் பிரிட்ஜில இன்ரொனேசனையும் (கழுத்து முழுக்கச் சுரம் சரியா நிக்குதோ எண்டதை) திரும்பப் பாக்க வேணும். நிகழ்ச்சி நாளில மாத்தாதேங்கோ, ரெண்டு மூண்டு நாள் முன்னம் மாத்தி இழுத்துப் பழக்குங்கோ.

சுருதி இறக்கிற பெடல் இருந்தா ரெண்டு மூண்டு அரைச்சுரத்துக்கு நம்பலாம். அதுக்கு மேல அடி குழையும். அம்ப் சத்தம் குறைவான சின்ன அறையில கம்பியின்ர உண்மைச் சுரமும் பெடலின்ர சுரமும் சேந்து கேட்டு வாசிக்கிறவருக்கே குழப்பம் வரும். பெடல் ஒத்திகையைச் சத்தமாச் செய்யுங்கோ.

சாம்பிளை மறக்காதேங்கோ. லிங்கின் பார்க்கின்ர டிஜே ஜோ ஹானின்ர பதிஞ்ச ஒலித் துண்டுகள், பியானோ, பின்னணி எல்லாம் அதே அளவுக்கு நகர வேணும், ஆனா அதுக்குள்ள இருக்கிற ட்ரம்ஸ் அடியை நகத்தாதேங்கோ, ஸ்னேர் பெட்டி மாதிரி ஒலிக்கும். ரெண்டையும் பிரிச்சு ஏற்றுமதி செய்யுங்கோ. கீபோர்ட்டில ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அமத்திறவை அடுத்த பாட்டுக்கு அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர மறந்தா முதல் கோர்ட் (சுரக்கூட்டு) வாசிக்கேக்கயே எல்லாருக்கும் தெரியும். பாட்டு வரிசையில அந்த எண்ணை எழுதி ஒட்டி வையுங்கோ.

கடைசியா, முற்றவெளி மாதிரித் திறந்த இடமெண்டா ஆனி ஆடி மாதச் சோளகக் காத்து தூசியோட வரும். மைக்குக்கு நுரைத் தொப்பி போடுங்கோ, இல்லாட்டிக் காத்தின்ர இரைச்சலுக்கு மேல கேக்கவேணுமெண்டு பாடுறவ தன்னை அறியாமக் கத்துவா. மொனிற்றர் ஸ்பீக்கரில அவவின்ர குரல் கிற்றாரை விடக் கூடக் கேக்கோணும். அது காணாட்டி நீங்கள் அளந்து வைச்ச சுருதி மூண்டாம் பாட்டுக்கு மேல நிக்காது.