பெப்டைட் செறிவு: ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளி) கணக்கு எடையைத் தாண்டிப் போகுது, ஏன்?

தூறல்:
கண்டிப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்தில, பாக்டீரியாவைக் கொல்லும் சின்ன பெப்டைட் (குட்டிப் புரதத் துண்டு) ஒன்றைப் பரிசோதிக்கிறேன். 12 அமினோ அமிலம், அதுல லைசீன் மூனு. ட்ரிப்டோஃபனும் இல்ல, டைரோசினும் இல்ல, புற ஊதா ஒளியில 280 நா.மீ.ல அளக்கிற வழி அடைபட்டுப் போச்சு. அதனால எஃப்.டி.ஐ.ஆர். அகச்சிவப்புக் கருவியில, பெப்டைட் பிணைப்பு உறிஞ்சுற அமைடு 1 பட்டையை (1600–1700 செ.மீ⁻¹) வச்சு அளக்கிறேன். கால்சியம் ஃப்ளோரைட் சன்னல், 6 மைக்ரோமீட்டர் இடைவெளி, ஒப்பிட்டுப் பார்க்கிற நியமம் மாட்டு சீரம் அல்புமின்ங்கிற புரதம்.

எடை போட்டு 10 மி.கி./மி.லி. கரைச்சா 12.1 காட்டுது. 5க்கு 6.35, 2.5க்கு 3.5, 1.25க்கு 2.0. கீழே போகப் போக பிழை பெருசாகுது. மழை நாள்ல இன்னும் மோசம். கிருமி எந்த அளவுல வளராம நிக்குதுன்னு சொல்ல வேண்டிய ஆள் நான். யாராவது சொல்லுங்க.

பன்னீர்:
தண்ணியைக் கழிக்கிறதுலதான் கோளாறு. அதோட பட்டையும் 1645 பக்கம்தான், அமைடு 1க்கு நேர் மேல. கனநீருக்கு மாறுங்க. அந்தப் பட்டை 1200 பக்கம் இறங்கிடும், இடைவெளியும் 50 மைக்ரோமீட்டர் வைக்கலாம்.

தூறல்:
கனநீர் வாங்க நம்ம காசு பத்தாதுண்ணா.

கொழுந்துக்கூடை:
தங்கச்சி, முதல்ல உங்க நாலு எண்ணையும் கோடாப் போட்டுப் பாருங்க. சரிவு 1.15 பக்கம், வெட்டுத்துண்டு 0.6 பக்கம் வரும். ரெண்டும் வேற வேற நோய்.

0.6 எல்லாக் கரைசல்லயும் ஒரே அளவா ஒட்டிக்கிட்டு இருக்கு, அதனாலதான் 1.25ல பெருசாத் தெரியுது. பன்னீர் சொன்ன தண்ணி இதுதான், கூடவே நீராவியும். 1700–1800ல ஊசி ஊசியா நிக்குதா பாருங்க. நின்னா அது காத்துல உள்ள ஈரம். கலத்தை வச்சு மூடினதும் அளக்காதீங்க, பத்து நிமிஷம் விடுங்க. சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தா அடுப்புல காய வைங்க. வெற்றுக் கரைசலை அதே கலத்துல, அதே நாள் எடுத்து, 2130 பக்கத்துத் தண்ணி மேடு தட்டையாகும் வரைக்கும் கழிங்க.

1.15 செறிவோடயே வளருது, அப்போ அது தூளுக்குள்ளேயே இருக்கு. எச்.பி.எல்.சி.யில (கலவையைப் பிரிக்கிற கருவி) சுத்தம் பண்ணினதுதானே? அதுல பயன்படுத்துற டி.எஃப்.ஏ. (ட்ரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலம்) ஒட்டி, உப்பா இருக்கும். அதோட கார்பாக்சிலேட் 1673ல பலமா உறிஞ்சும், உங்க பட்டையோட தோள்ல ஏறி உக்காந்திடும். 1200லயும் 1140 பக்கமும் ரெண்டு பட்டை தெரிஞ்சா சந்தேகமே இல்ல. 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல கரைச்சு உறைய வச்சு உலர்த்துங்க, மூனு தடவை. அஸ்பார்டிக்குப் பக்கத்துல புரோலின் இருந்தா மட்டும் யோசிச்சுச் செய்யுங்க, அந்த இடம் அமிலத்துல அறும்.

இன்னொன்னு: அல்புமின் பெரும்பாலும் சுருள் வடிவம், உங்க பெப்டைட் தண்ணியில அப்படி இருக்காது, பட்டையோட வடிவமும் மாறும். உச்சி உயரத்தை ஒப்பிடாதீங்க, பரப்பை எடுங்க.

தூறல் (ரெண்டு வாரம் கழிச்சு):
ஊசிகள் இருந்துச்சு. 1200ம் இருந்துச்சு! மூனு தடவை மாத்தியாச்சு, கோடு இப்போ பூச்சியத்துல வெட்டுது. ஆனா 10 எடை போட்டா 8.7 தான் காட்டுது. எதையாவது கெடுத்துட்டேனா அக்கா?

கொழுந்துக்கூடை:
இல்ல, இப்பதான் நம்புற மாதிரி இருக்கு. தேயிலைத் தோட்டத்துல மழைக்கொழுந்தை நிறுக்கிறப்ப தண்ணிக்குன்னு கழிப்பாங்களே, அந்தக் கதைதான். தராசுல ஏறினது முழுக்க பெப்டைட் இல்ல. குளோரைடும் ஈரமும் சேர்த்து. முன்னாடி டி.எஃப்.ஏ. உப்பா இருந்தப்ப இதைவிடக் கூடக் கழிச்சிருக்கணும், ஏன்னா அது குளோரைடை விட மூனு மடங்குக்கும் மேல கனம். ஐ.ஆர். அதையும் பெப்டைட்டாச் சேர்த்து எண்ணினதால அது வெளியில தெரியல.

தூறல்:
ஐயோ, அப்போ போன மாசம் கிருமி வளர்த்துப் பார்த்த தட்டெல்லாம் திரும்பவா?

கொழுந்துக்கூடை:
பழைய தூள் கொஞ்சம் மிச்சம் இருக்கா? அமினோ அமிலப் பகுப்பாய்வுக்கு அனுப்புங்க. 6 நோர்மல் அமிலத்துல 110 பாகையில ஒரு நாள் வேக வச்சு எண்ணுவாங்க. எடையில எத்தனை வீதம் பெப்டைட்னு வந்ததும், தட்டுல எழுதின செறிவையெல்லாம் அதால பெருக்கிடுங்க. ஒரே தூள், ஒரே கரைசல்னா தட்டு தப்பிச்சுது.

தூறல்:
அடியில ஒட்டிக்கிட்டு 3 மி.கி. இருக்கும்கா. திங்கட்கிழமை அனுப்புறேன்.