மறு: மறு: 'ரன்' பொத்தானுக்கு என்ன சொல்? (ஓட்டு / இயக்கு / நிறைவேற்று)

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்கு நிரல் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) எழுதப் பழக்கும் மென்பொருளின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். மற்றச் சொற்களெல்லாம் முடிந்துவிட்டன. எழுதிய நிரலைத் தொடங்கிவைக்கும், பச்சை முக்கோணம் போட்ட இந்த ஒரு 'ரன்' பொத்தானில்தான் மூன்று நாளாக நிற்கிறோம். என் வாதத்தை முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன்.

> 'இயக்கு' நிலைத்துவிட்ட சொல். அதை ஏன் கலைக்க வேண்டும்?

நிலைத்தது உண்மைதான், ஐயா. எதற்கெல்லாம் நிலைத்தது என்பதையும் பாருங்கள். கணினியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் இயங்குதளம், டிரைவர் இயக்கி, டிரைவ் இயக்ககம். நம் மென்பொருளிலேயே ஒலிக்கோப்பைக் கேட்கும் பொத்தானுக்கும் 'இயக்கு' என்றுதான் போட்டிருக்கிறோம். அதே திரையில் நிரலுக்கான பொத்தானும் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை எதை அழுத்துவாள்?

> 'நிறைவேற்று' என்றால் சிக்கலே இல்லை.

இருக்கிறது. தீர்மானத்தை நிறைவேற்றுகிறோம், தண்டனையை நிறைவேற்றுகிறோம். இரண்டிலும் காரியம் முற்றுப்பெறுகிறது. நிரல் பாதியில் பிழை காட்டி நின்றுபோகலாம். ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் முடிவில்லாச் சுழலில் மாட்டிக்கொண்டால் நிறைவு என்பதே கிடையாது. அழுத்தும்போதே நிறைவை வாக்களிக்கும் சொல் பிள்ளையைக் குழப்பும்.

> 'ஓட்டு' வண்டிமாட்டுக்கு உரியது.

இதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. வெண்ணிக் குயத்தியார் கரிகாலனைப் பாடிய புறநானூறு 66 எப்படித் தொடங்குகிறது?

நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி
வளிதொழில் ஆண்ட உரவோன் மருக!

காற்றைப் பணிகொண்டு கலத்தை ஓட்டியவன் வழிவந்தவனே என்கிறார். கண்ணுக்குத் தெரியாத விசைக்கு ஏவல் இட்டுப் பெரிய கலத்தை நகர்த்துவது ஓட்டுதல் என்றால், மின்விசைக்கு ஏவல் இட்டு நிரலை நகர்த்துவதும் அதுதானே? குறள் 496-இலும் நெடுந்தேர் கடலில் ஓடாது, நாவாய் நிலத்தில் ஓடாது என்றுதான் வருகிறது. காலில்லாத பொருள்களுக்கு 'ஓடு' அன்றே பொருந்திவிட்டது. இன்றைக்கும் கடிகாரம் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. ஆங்கிலத்தைப் பார்த்து நாம் கற்ற வழக்கு இல்லை இது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 'ஓட்டு' தனியாக நின்றால் தமிழ்நாட்டுப் பிள்ளைக்குத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். அதனால்தான் 'ஓடவிடு' என்று முன்மொழிந்தேன். மோட்டாரை ஓடவிடு என்று வயற்காட்டில் சொல்வது யாருக்கும் விளங்கும். வினையும் எளிதாக விரிகிறது: நிரல் ஓடுகிறது, ஓடி முடிந்தது, ஓடவில்லை, ஓடுகையில் பிழை. 'இயக்க நேரப் பிழை' என்பதைவிடக் கடைசியது எவ்வளவு தெளிவாக இருக்கிறது!

யாழ்ப்பாணத்து நண்பரின் மறுப்பு இரவெல்லாம் என்னை உறுத்தியது. அங்கே 'கார் ஓடத் தெரியுமா?' என்றுதான் கேட்பார்கள். ஆகவே 'ஓடவிடு' என்றால் வேறொருவரிடம் வண்டியைக் கொடுப்பதுபோல் ஒலிக்கிறது என்கிறார். நாங்கள் பிரித்துவைத்த ஓடுவதையும் ஓட்டுவதையும் அவர்கள் ஒரே வினையில் சொல்கிறார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. நிரல் என்று வரும்போதும் அந்தக் குழப்பம் நிற்குமா? நண்பர் தம் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டுச் சொல்ல வேண்டுகிறேன்.

'ரன்' என்றே விட்டுவிடலாம் என்றவருக்கும் ஒரு சொல். ரகரம் மொழிக்கு முதலில் வராது என்பதற்காக நான் எதிர்க்கவில்லை. ரயிலையும் ரப்பரையும் ஏற்றுக்கொண்டவர்கள்தானே நாம். பிள்ளைக்கு ரன் என்றால் கிரிக்கெட். அவ்வளவுதான்.

எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே நிகரைத் தேடியதில்தான் இந்த இழை இவ்வளவு நீண்டது என்று நினைக்கிறேன். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காகப் பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் உழைத்து, 'ரன்' வினைக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்தார். அந்த ஒரே வினை வருகிற இடங்களில் நமக்கு மூக்கு ஒழுகுகிறது, துணியின் சாயம் போகிறது, கடையை நடத்துகிறோம். அவர்கள் தேர்தலில் ஓடினால் நாம் நிற்கிறோம். நமக்கு வேண்டியது அந்த 645-இல் ஒன்றே ஒன்றுக்கான சொல்.

பெரும்பான்மை 'இயக்கு' பக்கம்தான் என்பதை நேற்றைய மடல்களிலேயே கண்டேன். பலர் களைத்துப்போய் அதற்கு இசைந்தார்கள். அதையே கோப்பில் ஏற்றிவிட்டேன். என் மாற்றுக்கருத்தை அருகில் குறிப்பாக எழுதியிருக்கிறேன். ஒலிக்கோப்புப் பொத்தானை 'ஒலிக்கவிடு' என்று மாற்றினேன். அதற்கு இதுவரை யாரும் மறுப்புச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பதில் வருமா என்று வியாழன் இரவு வரை பார்த்திருப்பேன்.