பாம்பன் தீவில் ஒரு வருடம் குடியிருக்க: இருவருக்கு மாதம் 50,000 ரூபாய் போதுமா?

பினாங்கு_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இருவர், அறுபதைத் தாண்டியவர்கள். மலேசியக் குடியுரிமை, இருவரிடமும் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தருவது) உண்டு. தை மாதத்திலிருந்து ஒரு வருடம் ராமேஸ்வரம் பக்கம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு, சரிப்பட்டால் ஒரு தென்னந்தோப்பு வாங்கி வீடு கட்டலாம் என்று எண்ணம். அதே தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைத் தரகர் காட்டியிருக்கிறார். வாடகை 9,000, முன்பணம் 60,000. இரவில் ஏசி வேண்டும். தினமும் மீன் வேண்டும். மாதம் 50,000 ரூபாய்க்குள் அடங்குமா? வாடகை தவிர எதில் காசு கரையும்?

மண்டபம்_முனை:
ஐயா, 50,000 தாராளமாகப் போதும். ஆனால் வாடகையை வைத்து வீட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இந்தத் தீவில் வீட்டின் விலையைத் தீர்மானிப்பது தண்ணீர்.

தையில் வந்து பார்த்தால் எல்லாக் கிணறும் இனிக்கும், ஐப்பசி கார்த்திகை மழை அப்போதுதான் முடிந்திருக்கும். அதே கிணறு சித்திரை வைகாசியில் கரிக்கும். தீவு முழுக்க மணல். மழைநீர் மணலில் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மோட்டார் போட்டு மேலே ஓர் அடி இறக்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். அதனால் "ஆழமாக போர் போட்டிருக்கிறோம்" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னால் அது உங்களுக்கு நல்ல சேதி இல்லை. ஆழமில்லாத உறைகிணறு, சின்ன மோட்டார், ஒரு நேரத்துக்குக் கொஞ்சமாக இறைப்பது, இதுதான் இங்கே நிற்கும்.

தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான், வாங்கிக்கொண்டு போங்கள். 500-க்குள் காட்டினால் கவலை இல்லை. 500 முதல் 2,000 வரை வீட்டு ஆர்ஓ சுத்திகரிப்பான் சமாளிக்கும். 2,000-க்கு மேல் போனால் அதில் வடிகட்டுகிற மெம்பிரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அந்தத் தண்ணீரில் சோப்பும் நுரைக்காது, கீசரின் சூடேற்றும் சுருளிலும் உப்பு படியும். அதோடு வீட்டு ஆர்ஓ நான்கு லிட்டர் இழுத்தால் ஒரு லிட்டர் ஒன்றேகால் லிட்டர்தான் குடிக்கத் தரும். மீதியைக் கழிவறைக்கு ஊற்றலாம், செடிக்கு ஊற்றாதீர்கள்.

காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் அந்தத் தெருவில் இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டில் கேளுங்கள். இருவருக்கு நாளைக்கு 270 லிட்டர் என்று வைத்தால், 3,000 லிட்டர் தரைத்தொட்டி பதினோரு நாள் தாங்கும். கூரைமேல் 500 லிட்டர் தொட்டி மட்டும் இருக்கிற வீடு என்றால் கோடையில் லாரித் தண்ணீருக்குக் கையேந்த வேண்டிவரும். குடிக்க, சமைக்க 20 லிட்டர் கேன் மாதம் பதினைந்து போதும். கேன் 40 ரூபாய் என்றாலும் 600.

உப்புக்காற்று:
தண்ணீர் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். அடுத்து இரும்பும் மின்சாரமும்.

கூப்பிடு தூரம் என்றால் வடகடலா தென்கடலா என்று முதலில் கேளுங்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று, தென்கடல் குமுறும், அந்தக் கரை வீடுகளுக்கு உப்புத் தூவானம். ஐப்பசி முதல் வாடை, அப்போது வடகடல் பக்கம். வடகடலைப் பெண்கடல், தென்கடலை ஆண்கடல் என்று இங்கே சொல்வார்கள், ஆனால் வாடைக்காலத்தில் பெண்கடல் ஓரத்து ஜன்னல் கீலும் துருப்பிடிக்கத்தான் செய்யும்.

வீட்டுக்குள் போனதும் கூரையைப் பாருங்கள். ஒரு குச்சியால் தட்டுங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால், அல்லது ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால், உள்ளே கம்பி துருவேறி ஊதிக் காரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. உப்புநீரில் கலவை போட்ட வீடுகளில் இது சாதாரணம். கட்டில் போடும் இடத்துக்கு மேலே அப்படி இருந்தால் அந்த வீடு வேண்டாம்.

ஏசியின் வெளி யூனிட்டைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். அதன் காயில் (குழாய்ச் சுருள்) செம்பில், மேலே பூச்சு உள்ளதாக வாங்குங்கள். யூனிட்டை மாட்டும் இரும்புத் தாங்கியில் துரு எப்போதும் போல்ட் ஓட்டையில்தான் ஆரம்பிக்கும், துளை போடும்போது பெயிண்ட் உரிந்துவிடுகிறது. துளையெல்லாம் போட்டபின் துத்தநாகத்தில் முக்கியெடுத்த தாங்கி, ஸ்டெயின்லெஸ் போல்ட் கேளுங்கள். 316 ரக ஸ்டெயின்லெஸ் கிடைத்தால் நல்லது, 304 ரகம் மேலாகப் பழுப்பேறும், ஆனால் தாங்கும். காற்றுக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பிரேக்கரை அணைத்துவிட்டு, மேலிருந்து கீழாக, மெதுவாக நல்ல தண்ணீர் விட்டுக் காயிலைக் கழுவ வேண்டும். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். கழுவாமல் விடுவதைவிட அது மோசம்.

மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 500 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பதுதான் சூட்சுமம். தாண்டினால் 101-லிருந்து வருகிற யூனிட்டுக்கும் சலுகை விலை போய்விடும். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி இரவு 8 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 380 யூனிட் பக்கம். பிரிட்ஜ் 60. சாதாரண 75 வாட் மின்விசிறி மூன்று, தினம் 15 மணி நேரம் சுற்றினால் 200. விளக்கு, மோட்டார் 15. மொத்தம் 655-க்கு மேல். 2024 ஜூலை கட்டணப்படி 3,500 ரூபாய் பக்கம் வரும். அதே வீட்டில் மூன்று விசிறியையும் குறைந்த மின்சாரத்தில் சுற்றும் 30 வாட் பிஎல்டிசி விசிறி ஆக்கி, ஏசியை ஒரு மணி நேரம் குறைத்தால் 490 யூனிட், 1,750 ரூபாய் பக்கம். பாதிக்குப் பாதி.

மீட்டர் உங்களுக்குத் தனியாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மேல்மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே இணைப்பு என்றால் இரண்டு குடும்பத்து யூனிட்டும் சேர்ந்து 500-ஐத் தாண்டும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரே விலை போட்டு வாங்குவார், நீங்கள் மிச்சம் பிடித்ததெல்லாம் வீண்.

வலைவீச்சு:
தினமும் மீன் என்றீர்களே. ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலை கரைக்கு வரும். அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் மீன் மலிவு. மற்ற நாளில் நாட்டுப்படகு மீன்தான், அளவு குறைவு, ருசி அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் மீன் செலவை இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். இடையில் இலங்கைக் கடற்படை யாரையாவது பிடித்துப்போனால் வேலைநிறுத்தம் நடக்கும், அதற்கு நாள் கணக்கு கிடையாது.

இறால், நண்டு, கணவாய் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போகிற சரக்கு. கடற்கரையில் இருக்கிறோம் என்பதற்காக மலிவாகக் கிடைக்காது. சாளை, சூடை, காரல் வாங்கிப் பழகினால் இருவருக்கு மீன் ஒரு பெரிய செலவே இல்லை. காய்கறிதான் வெளியிலிருந்து வர வேண்டும், பாலத்தைத் தாண்டி வருகிற கூலியும் சேர்ந்து விழும். அமாவாசைக் கூட்டத்துக்கு முந்தின நாளே வாங்கிவிடுங்கள். தேங்காய், மல்லிகைப்பூ இரண்டுக்கும் தங்கச்சிமடத்தில் பஞ்சமே இல்லை.

பினாங்கு_வாசி:
மிக்க நன்றி. இரண்டு விவரம் விட்டுவிட்டேன். என் மனைவிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. தோப்பு ஓசிஐ அட்டையில் வாங்க முடியுமா என்பது இன்னொன்று. சிலிண்டர் எப்படி வாங்குவது?

மண்டபம்_முனை:
ஸ்டென்ட் என்றால் என் யோசனை மாறுகிறது, ஐயா. ராமேஸ்வரம் அரசு மருத்துவமனையில் முதலுதவி கிடைக்கும். அடுத்தது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தீவிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். பெரிய இதய சிகிச்சை என்றால் மதுரை, 170 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். தீவைவிட்டு வெளியேறச் சாலைப்பாலம் ஒன்றே ஒன்று. ஆடி அமாவாசை, தை அமாவாசை, தொடர் விடுமுறை நாட்களில் வண்டியைப் பாலத்திலேயே நிறுத்திக் கடலை வேடிக்கை பார்ப்பார்கள், ஆம்புலன்ஸ் ஊர்ந்துதான் வரும்.

அதனால் முதல் வருடம் உச்சிப்புளிப் பக்கம் பாருங்கள். அங்கிருந்து ராமநாதபுரம் 20 கிலோமீட்டருக்குள், பாலம் குறுக்கே இல்லை. இரண்டு பக்கமும் கடல் எட்டும் தூரம், தென்னந்தோப்பும் உண்டு. தீவுக்குப் போக அரை மணி, முக்கால் மணி.

மதுரைக்கு டாக்ஸி கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்றால் போக வர 340 கிலோமீட்டருக்கு 4,760, டிரைவர் பேட்டா சேர்த்து 5,200 வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது ரயிலில் போகலாம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ரயில் மறுபடி தீவுக்குள் வருகிறது. கடலில் காற்று மிஞ்சினால் நிறுத்திவிடுவார்கள், அதனால் ஐப்பசி கார்த்திகையில் மருத்துவரைப் பார்க்கும் தேதி வைக்காதீர்கள். மாத்திரைச் சீட்டில் மலேசியக் கம்பெனிப் பெயர் இருந்தால் இங்கே கடைக்காரருக்குப் புரியாது. மருந்தின் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் எழுதி வாங்கி வாருங்கள்.

கணக்கு இப்படி வரும்: வாடகை 9,000, கேன் தண்ணீரும் லாரித் தண்ணீரும் 1,500, மின்சாரம் மாதத்துக்கு 900, சாப்பாடு எரிவாயு 15,000, ஆட்டோ ஸ்கூட்டர் 4,000, மருந்தும் மதுரைப் பயணமும் 6,000. ஆக 36,400. மீதியில் மாதம் 5,000 ரூபாயைத் துருப்பிடித்து மாற்றுகிற சாமான்களுக்காகத் தொடாமல் வையுங்கள்.

பட்டா_சிட்டா:
ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்க முடியாது. வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். இங்கே ஆபத்து என்னவென்றால் தோப்பைத் துண்டு போட்டுவிட்டு "மனை" என்று சொல்லி விற்பார்கள். தரகர் சொல்வதைக் கேட்காதீர்கள், நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த்துறை ஆவணமான சிட்டாவை எடுத்துப் பாருங்கள். புஞ்சை என்று இருந்தால் அது விவசாய நிலம். மனைப்பிரிவு அங்கீகார எண், 30 வருட வில்லங்கச் சான்று இரண்டையும் கையில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கடலோரம் என்பதால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் அந்தச் சர்வே எண் எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். கட்டக் கூடாத பகுதியில் விழுந்தால் மனை உங்கள் பெயரில் இருக்கும், அதில் வீடு கட்ட முடியாது.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைதான். உங்களிடம் கேட்பது ஏறக்குறைய ஏழு மாத வாடகை. பேசிக் குறையுங்கள். நீங்கள் வெளிநாட்டுக் குடிமக்கள், வந்து சேர்ந்த விவரத்தை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். அது தெரியாத வீட்டுக்காரர் நிறையப் பேர், நீங்களே உட்கார வைத்துப் பதியச் சொல்லுங்கள்.

நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அதற்குள் 182 நாள் இந்தியாவில் இருந்தால் வருமான வரிக்கு நீங்கள் இங்கே குடியிருப்பவர். தையில் வந்தால் முதல் மார்ச் வரை பிரச்சினை இல்லை, அடுத்த நிதியாண்டில் கணக்கு ஏறும். மலேசிய ஓய்வூதியம் பற்றி வருவதற்கு முன்பே ஓர் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

சிலிண்டருக்கு முதலில் 5 கிலோ சிறிய உருளை வாங்குங்கள், அடையாள அட்டை காட்டினால் போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். கிலோ கணக்கில் விலை கூடுதல்தான். வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் 14.2 கிலோ இணைப்புக்கு எழுதிக்கொடுங்கள்.

உப்புக்காற்று:
ஒன்று விட்டுப்போனது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் அன்றே தரைத்தொட்டியை நிரப்பி, இன்வெர்ட்டர் பேட்டரியில் காய்ச்சி வடித்த நீர் அளவைப் பாருங்கள். ஏசி வெளி யூனிட்டின் பிரேக்கரை அணைத்துவிடுங்கள். காற்று ஓய்ந்ததும் நல்ல தண்ணீரில் காயிலைக் கழுவி, ஒரு பகல் காயவிட்டு, அதன் பிறகு போடுங்கள். ஈரத்தோடு போட்டால் போர்டு போய்விடும்.