மறு: காமிக்ஸ் லெட்டரர் – தமிழில் எப்படி அழைக்கலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம். காமிக்ஸ் பக்கத்தில் வசனத்தை எழுத்தாக இடுகிறவரை ஆங்கிலத்தில் லெட்டரர் என்கிறார்கள். அவருக்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

> 'எழுத்தர்' என்றே வைத்தால் என்ன? சின்னச் சொல், வாயில் நிற்கும்.

அண்ணாச்சி, சின்னச் சொல்தான். ஆனால் தாலுகா ஆபீஸ் எழுத்தரும் பத்திர எழுத்தரும் அந்த நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்தாயிற்று. மார்த்தாண்டம் நண்பர் சொன்ன 'பொறிப்பாளர்' சிதறால் மலைப் பாறையில் வட்டெழுத்து வெட்டியவருக்குப் பொருந்தும். 'எழுத்தச்சன்' வேண்டவே வேண்டாம். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அது ஆசானுக்கும் ஒரு சமூகத்துக்கும் உரிய பெயர்.

முதலில் வேலையைப் பார்ப்போம். ஸ்டான் சகாய் என்ற ஜப்பானிய-அமெரிக்க ஓவியரை எடுத்துக்கொள்ளுங்கள். செர்ஜியோ அரகோனெஸின் 'க்ரூ' காமிக்ஸ் தொடருக்கு வசனம் எழுதிக்கொடுத்துத்தான் தொழிலில் கால் ஊன்றினார். 'எழுதி' என்றால் கதை எழுதவில்லை. பிறர் எழுதிய வசனத்தைப் பக்கத்தில் கையால் இட்டார். ஸ்பைடர்மேன் ஞாயிற்றுக்கிழமைத் தொடருக்கும் அதே வேலை. 1984இல் முயல் சாமுராய் 'உசாகி யொஜிம்போ'வைத் தொடங்கியபோது கதை, படம், எழுத்து மூன்றும் அவர் கைதான். 1996இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது கிடைத்தது, அதுவும் இந்த எழுத்து வேலைக்காக. அந்த விருதில் இதற்கென்று தனிப் பிரிவே 1993இலிருந்து இருக்கிறது. நம்மிடம் இன்னும் பெயரே இல்லை!

கையால் செய்த காலத்தில் அமெரிக்க முறை இப்படி: பென்சில் படம் முடிந்த பக்கம் இவரிடம் வரும். ஏம்ஸ் கைடு என்ற சின்னப் பிளாஸ்டிக் கருவியின் துளையில் பென்சிலை நுழைத்து, டி-ஸ்கொயர் என்ற T வடிவ அளவுகோல் மேல் நகர்த்தி, இணைகோடுகள் போடுவார். பிறகு பேனாவால் எழுத்து, அதைச் சுற்றி வசனக் குமிழ், பேசுகிறவர் வாய்ப்பக்கம் திரும்பிய வால். எந்தக் குமிழைக் கண் முதலில் படிக்கும் என்பதும் இவர் பொறுப்பு. அதன் பிறகுதான் படத்துக்கு மை.

தமிழில் செய்து பார்த்தால் சிரமம் இன்னும் கூடுதல். ஆங்கிலக் காமிக்ஸில் எல்லாம் பெரிய எழுத்து, ஒரே உயரம். நமக்கோ மேல் வரியின் 'கூ' கீழே இறங்கும், கீழ் வரியின் 'கீ' மேலே ஏறும், இரண்டும் இடிக்கும். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று ஒருவன் சொன்னால் குமிழே நிறைந்துவிடும். நாகர்கோவிலில் போர்டு எழுதுகிற ஒருவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். சுண்ணப்பொடி தடவிய நூலைச் சுவரில் இழுத்துத் தட்டிக் கோடு போட்டதும், முதலில் கொம்புக்கும் துணைக்காலுக்கும் இடம் குறித்துக்கொண்டார். அவரை ஊரில் 'ஆர்ட்டிஸ்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள். சரியான மரியாதைதான், ஆனால் நமக்கு உதவாது. படம் வரைகிறவரும் ஆர்ட்டிஸ்ட் அல்லவா.

> 'எழுத்தோவியர்' அழகாக இருக்கிறதே?

அழகுதான், அக்கா. 'டமார்', 'படீர்' எழுதும்போது அவர் எழுத்தோவியரே. ஆனால் அலங்கார எழுத்துக் கலையை ஏற்கெனவே எழுத்தோவியம் என்கிறோம். குமிழுக்குள் நாலு வரி வசனத்தை அடக்குவது வேறு வேலை.

என் பரிந்துரை: எழுத்திடுநர். கூடவே மையிடுநர், வண்ணமிடுநர் என்று ஒரு குடும்பமாக நிற்கும். (மையிடுநர் என்றதும் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவர் நினைவுக்கு வந்தால் வரட்டும், பழகிவிடும்.) வினையாகவும் வளையும்: 'இந்த இதழுக்கு எழுத்திட்டவர்'. வேலைக்கு 'எழுத்தீடு'. கணினியில் எழுத்துரு வைத்துச் செய்தாலும் இடுவது இடுவதுதான். கையெழுத்திடுவதோடு குழம்பாதா என்று தக்கலை அண்ணன் தனிமடலில் கேட்டார். 'கை' முன்னால் இல்லாதபோது குழப்பம் வராது. அந்தச் சொல் பழகியிருப்பதால்தான் இதுவும் காதில் உறுத்தவில்லை.

எதிர்ப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். குமிழின் வாலுக்கு 'சுட்டி' என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. அது ஏற்கெனவே மௌஸுக்கும் இணைப்புக்கும் போய்விட்டது. 'வால்' என்றே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.